அத்தையின் போனுக்கு எது தடைக்காலம்?

என் அத்தை காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருவோரம் உட்கார்ந்து விற்பவர். முப்பது வருடத் தொழில். நான் ஆண்ட்ராய்டு செயலி எழுதிப் பிழைப்பவன். ராயபுரத்தில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறோமே தவிர, அவர் வேலையும் என் வேலையும் ஒன்றையொன்று தொடும் என்று சென்ற ஆண்டு வரை நான் நினைத்ததில்லை.

நாங்கள் எழுதும் செயலி சிறு வியாபாரிகளுக்கான கடன் கணக்கு. யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு பாக்கி, இன்றைய வரவு என்ன, அவ்வளவுதான். அத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் ஈரக் கையால் எழுதி எழுதி மை கரைந்து, பாதிப் பாக்கி படிக்கவே முடியாமல் போனதைப் பார்த்துவிட்டு, நான்தான் அவருடைய போனில் அதை ஏற்றிக்கொடுத்தேன். ஆண்ட்ராய்டு 10, 2 ஜிபி ரேம், மூலையில் கீறல் விழுந்த திரை. சில மாதம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு ஒருநாள் சொன்னார்:

"உன் கணக்கைத் திறப்பதற்குள் கூறு கைமாறிவிடுகிறது, கண்ணு. வாரநாளில் பரவாயில்லை. சனி, ஞாயிறு வந்தால்தான் அடம் பிடிக்கிறது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனுக்குக் கிழமை தெரியுமா? சனி, ஞாயிறு கூட்டத்தில் நெட்வொர்க் நெரிசலாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். ஆனால் எங்கள் செயலி திறப்பதற்கு நெட்வொர்க்கே தேவையில்லை. கணக்கு முழுவதும் போனிலேயே இருக்கிறது. அதைச் சொன்ன அன்று இரவு எனக்கே உறுத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு அத்தையோடு துறைமுகத்துக்குப் போனேன்.

போனவர்களுக்குத் தெரியும். கண்ணைக் கூசும் விளக்கு வெளிச்சம், காலடியில் ஐஸ் தூளும் தண்ணீரும், விசைப்படகிலிருந்து கூடை கூடையாக இறங்கும் மீன். கூடையைத் தரையில் கவிழ்த்த நொடியில் ஏலக்காரர் குரல் எடுத்துவிடுவார். ஒரு கூறு போக அரை நிமிடம்கூட ஆகாது. அத்தை கேட்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைப் பார்த்தாகவேண்டும்: அந்த ஏலக்காரரிடம் நேற்று வரை பாக்கி எவ்வளவு. அதைப் பொறுத்துத்தான் இன்று எவ்வளவு வரை கேட்கலாம் என்பது. சுருக்குப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட போனை எடுத்தார். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு எங்கள் செயலியைத் தொட்டார். வெள்ளைத் திரை. வாய்க்குள்ளேயே எண்ணத் தொடங்கினார். எண்ணுகிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டிருந்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஏழு எண்ணும்போது பட்டியல் வந்தது. விரலால் தள்ளினார், பட்டியல் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. அவர் குறிவைத்திருந்த சங்கராக் கூறை அதற்குள் வேறொருவர் கூடையில் வாரிக்கொண்டிருந்தார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த படகைப் பார்த்து நடந்தார்.

அதே செயலி, அதே பதிப்பு, என் போனில் கண் இமைப்பதற்குள் திறக்கிறது.

அந்த ஏழு எண்ணிக்கைக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் கோட்லின் மொழியில் எழுதுகிறோம். போனுக்குள் இருக்கும் பிராசசருக்குக் கோட்லின் தெரியாது. அதற்குப் புரிவது இயந்திர மொழி ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே பைட்கோடு என்று ஓர் இடைமொழி. அலுவலகத்துக் கணினி கோட்லினைப் பைட்கோடாக மாற்றி பிளே ஸ்டோருக்கு அனுப்பிவிடுகிறது. மிச்ச மொழிபெயர்ப்பு போனில் நடக்கவேண்டும். அதை எப்போது செய்வது என்பதில்தான் வழக்கு முழுவதும் இருக்கிறது. செயலி ஓடுவதற்கு முன்பே மொழிபெயர்த்து வைத்துவிட்டால் அதற்கு ஏஓடி என்று பெயர். ஓட ஓட, வேண்டிய இடத்தை மட்டும் அந்தச் சமயத்தில் மொழிபெயர்த்தால் ஜேஐடி. இரண்டும் நடக்காதபோது இன்டர்ப்ரெட்டர் இருக்கிறது: ஒவ்வொரு கட்டளையாகப் படித்து அதன்படி செய்யும், ஆனால் மொழிபெயர்ப்பை எங்கும் குறித்துவைக்காது. அதே கட்டளை ஆயிரம் முறை வந்தால் ஆயிரம் முறையும் முதலிலிருந்து படிக்கும்.

ஆண்ட்ராய்டு இந்த மூன்றுக்கும் நடுவே பல வருடம் அலைந்திருக்கிறது. அந்த அலைச்சல் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருப்பு ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளிடம் கைமாறியிருக்கிறது.

முதலில் இருந்தது டால்விக். டான் போர்ன்ஸ்டைன் எழுதிய மெய்நிகர் இயந்திரம், அதாவது போனுக்குள் செயலிகளை ஓட்டும் மென்பொருள். ஐஸ்லாந்தில் எயாஃபியோர்துர் என்னும் கடற்கழியின் கரையில் இருக்கும் ஒரு மீனவ ஊரின் பெயரை அதற்கு வைத்தார். காசிமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு, கல்லூரி நாளில் இதைப் படித்தபோது காரணமில்லாமல் ஒரு சொந்தம் தோன்றியது. உலகமெல்லாம் கோடிக்கணக்கான பைக்குள் இருந்த போனை ஓட்டியதற்கு ஒரு மீன்பிடி ஊரின் பெயர். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் இருந்த ரேம் 192 எம்பி. அவ்வளவு குறுகிய இடத்தில் மொழிபெயர்ப்பைச் சேர்த்துவைக்க முடியாது என்பதால் டால்விக் வெறும் இன்டர்ப்ரெட்டராகவே தொடங்கியது. 2010இல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோது ஜேஐடி சேர்ந்தது. கணக்கீடு மிகுந்த வேலைகள் 2 முதல் 5 மடங்கு வேகமாகும் என்று கூகுள் அறிவித்தது.

அடுத்து, மறுகோடிக்குப் போனார்கள். 2013இல் ஆண்ட்ராய்டு 4.4இல் சோதனையாக எட்டிப்பார்த்த ஏஆர்டி என்னும் புதிய ஓட்டுநிரல், 2014இல் ஆண்ட்ராய்டு 5.0இல் டால்விக்கை அடியோடு நீக்கிவிட்டு உட்கார்ந்தது. செயலியை நிறுவும்போதே அதன் பைட்கோடு முழுவதையும் இயந்திர மொழியாக்கிச் சேமிப்பிடத்தில் எழுதிவிடும். முழு ஏஓடி. திறந்தால் உடனே ஓடும். ஆனால் நிறுவுவதற்கு நேரம் பிடித்தது, மொழிபெயர்த்த கோப்புகள் இடத்தை அடைத்துக்கொண்டன. எல்லாவற்றையும்விட, இயங்குதளத்தைப் புதுப்பித்தால் அத்தனை செயலியையும் மறுபடி மொழிபெயர்க்கவேண்டும். "செயலிகள் மேம்படுத்தப்படுகின்றன" என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகும் அந்தத் திரையின் முன்னால் நான் ஒரு முழு மாலையைக் கழித்திருக்கிறேன். அவசரமாக யாரையாவது அழைக்கவேண்டி இருந்தாலும் அழைக்க முடியாது. போன் கையில் இருக்கிறது, ஆனால் போன் இல்லை.

2016இல் ஆண்ட்ராய்டு 7.0 ஒரு நடுவழியைக் கொண்டுவந்தது. இன்றுவரை அடிப்படை அதுதான். செயலியை நிறுவும்போது பெரிதாக எதையும் மொழிபெயர்க்காது. அதனால் சட்டென்று நிறுவி முடிகிறது. முதலில் இன்டர்ப்ரெட்டர் ஓட்டும். எந்தப் பகுதி அடிக்கடி ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் அந்தப் பகுதியை ஜேஐடி மொழிபெயர்க்கும். கூடவே எவை எவை சூடான பகுதி என்று புரொஃபைல் என்னும் சிறு கோப்பில் குறித்துவைக்கும். பிறகு போன் சும்மா கிடந்து, சார்ஜரிலும் இருக்கும் நேரம் பார்த்து, அந்தக் குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு, அந்தப் பகுதிகளை மட்டும் நிதானமாக மொழிபெயர்த்துச் சேமிப்பிடத்தில் எழுதிவிடும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மீன்பிடித் தடைக்காலம்தான் நினைவுக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகவேண்டும் என்பதற்காக வந்த விதி. ஆனால் படகுக்காரர்கள் அந்த நாட்களைத்தான் பழுது பார்ப்பதற்கு வைத்துக்கொள்கிறார்கள். இன்ஜினைப் பிரிப்பது, பலகை மாற்றுவது, வர்ணம் அடிப்பது, வலையைத் தைப்பது, எல்லாம் அப்போதுதான். போன வருடம் எந்த இடத்தில் தண்ணீர் கசிந்தது, எந்தக் கயிறு தேய்ந்தது என்று ஓட்டியவருக்குத் தெரியும். கரையில் நிற்கும் நாளில் அதைச் சரிசெய்துவிட்டால் கடலில் நிம்மதி. ஆண்ட்ராய்டும் அப்படித்தான் எதிர்பார்க்கிறது: ஓட்டும்போது பார்த்துக்கொள், நிற்கும்போது சரிசெய்.

ஆனால் நிற்கவேண்டுமே. என்னைப் போன்றவர்களின் போன் இரவு பதினொரு மணிக்குச் சார்ஜரில் போய், காலை ஆறு வரை யாரும் தொடாமல் கிடக்கும். இந்த ஏற்பாடு என் தலையணைப் பக்கத்துப் போனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதைப் போலவே இருக்கிறது. அத்தையின் போன் அப்படி இல்லை. விடியற்காலை இரண்டரைக்கு அது அலாரம் அடிக்கும். பகல் முழுவதும் சந்தையில். பிற்பகல் பக்கத்து டீக்கடைச் சார்ஜரில் கால் மணி நேரம், அதுவும் இடையிடையே அழைப்பு வரும். மாலை வீட்டுக்கு வந்தால் சார்ஜரில் செருகியபடியே பேரன் கார்ட்டூன் பார்ப்பான். சேமிப்பிடமோ வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களால் விளிம்புவரை நிறைந்திருக்கும். இடம் மிகவும் குறைந்துவிட்டால் இந்தப் பின்னணி மொழிபெயர்ப்பு வேலையை ஆண்ட்ராய்டு தொடுவதே இல்லை.

அத்தைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு, திங்கட்கிழமை. அன்று மதியம் அவர் தூங்குவார், பேரன் பள்ளியில் இருப்பான், போன் அலமாரி மேல் சார்ஜரில் யாரும் தொடாமல் கிடக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் அதன் தடைக்காலம்.

கிழமைக் கணக்கு அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் அலுவலகத்தில் புதிய பதிப்பு வெளியிடுவது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். அன்று இரவு அத்தை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். எங்கள் வைஃபையில் அவர் செயலியைப் புதுப்பித்துக் கொடுப்பது நான்தான். செயலி புதுப்பிக்கப்பட்டால் பழைய பைட்கோட்டுக்கான மொழிபெயர்ப்பு செல்லாது. ஒரு வாரம் ஓட்டிச் சேர்த்த புரொஃபைலும் போய்விடும். சனிக்கிழமை விடியற்காலை, வாரத்தின் மிகப் பெரிய இரண்டு வியாபார நாட்களின் தொடக்கத்தில், அத்தை திறப்பது முழுக்கக் குளிர்ந்துபோன ஒரு செயலியை. ஒவ்வொரு வரியையும் இன்டர்ப்ரெட்டர் படித்தாகவேண்டும். திங்கள் மதியம் போன் ஓய்வாகக் கிடக்கும்போது மொழிபெயர்ப்பு நடக்கும். செவ்வாய் முதல் வெள்ளி வரை நன்றாக ஓடும். வெள்ளி இரவு நானே மறுபடி அழித்துவிடுவேன்.

அத்தை சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

ஜேஐடி அந்த இரண்டு நாளும் உதவியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. நாள்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வர்களில் அது செய்யும் வேலை அபாரமானது. செயலி உண்மையில் எந்த வழியில் போகிறது என்பதை நேரில் பார்த்து, அந்த வழிக்கேற்பக் குறிமுறையை (கோடை) தைக்கும். ஊகம் தவறினால் தைத்ததைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கும். முன்கூட்டியே மொழிபெயர்ப்பவருக்கு இந்த அறிவு தானாகக் கிடைக்காது. ஆனால் அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். போன் செயலியின் ஆயுள் நிமிடக் கணக்கு. அத்தை கணக்கைப் பார்ப்பார், வாட்ஸ்அப்புக்குப் போவார், ஒரு வாடிக்கையாளர் அழைப்பார். 2 ஜிபி ரேமில் அதற்குள் ஆண்ட்ராய்டு எங்கள் செயலியை நினைவகத்திலிருந்து தூக்கி எறிந்துவிடும். ஜேஐடி மொழிபெயர்த்தது எல்லாம் நினைவகத்தில்தான் இருந்தது. செயலியோடு அதுவும் போயிற்று. அடுத்த முறை திறந்தால் மறுபடி வெறுங்கை.

இதற்கு மேல் எங்கள் பங்கும் ஒன்று இருந்தது. சில மாதம் முன்பு செயலியின் திரைகளை எல்லாம் ஜெட்பேக் கம்போஸ் என்னும் புதிய திரைக் கருவியில் திருப்பி எழுதியிருந்தோம். எழுதுவதற்கு இனிமையான கருவி, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பழைய திரைக் கருவிகள் ஆண்ட்ராய்டோடு சேர்ந்தே வருபவை. தொழிற்சாலையிலிருந்து போன் வரும்போதே அவை இயந்திர மொழியில் தயாராக இருக்கும். கம்போஸ் அப்படி இல்லை. அது நூலகமாக, அதாவது தயார்க் குறிமுறைத் தொகுப்பாக, எங்கள் செயலிக்குள் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. எனவே பொத்தானையும் பட்டியலையும் வரையும் குறிமுறைகூட முதல் நாளில் இன்டர்ப்ரெட்டர் வழியாகத்தான் ஓடவேண்டும். பட்டியல் தடுக்கியதற்குக் காரணம் அது. நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) வரையும் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16 மில்லி விநாடியும் சொச்சமும்தான். அதற்குள் முடியாவிட்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஊகத்தை நம்பாமல் அளந்து பார்த்தேன். அத்தையின் போனைத் திங்கட்கிழமை காலை வாங்கி, மடிக்கணினியோடு கேபிளில் இணைத்து, மொழிபெயர்ப்பை எல்லாம் அழிக்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்துத் திறந்தேன். பத்து முறை. பிறகு முழுவதையும் முன்கூட்டியே மொழிபெயர்க்கச் சொல்லித் திறந்தேன். இன்னும் பத்து முறை. அழித்த நிலையில் ஆறு விநாடிக்குக் கீழே வரவே இல்லை. மொழிபெயர்த்த நிலையில் நாலைச் சுற்றி நின்றது. நினைவகத்தில் இல்லாத செயலி திறக்க 5 விநாடி ஆனாலே அளவுக்கு மீறிய தாமதம் என்று கூகுள் தன் அளவுகோலில் வைத்திருக்கிறது. ஆக, இரண்டு விநாடி கம்பைலர் கணக்கு, அதாவது மொழிபெயர்க்கும் நிரலின் கணக்கு. மிச்சம் நாலு விநாடி எங்கள் சோம்பல்: திறந்தவுடன் விளம்பர நூலகம், புள்ளிவிவர நூலகம், யாரும் பார்க்காத ஒரு வரவேற்புப் படம் என்று வரிசையில் நின்றவை. எல்லாப் பழியையும் ஜேஐடி தலையில் போடுவது நியாயமில்லை.

ஐபோன் பக்கம் இந்தக் கதையே வேறு. வெளியார் செயலிகள் ஓடும்போது புதிதாக இயந்திரக் குறிமுறையை உண்டாக்கி ஓட்டுவதை ஆப்பிள் அனுமதிப்பதில்லை. எழுதவும் ஓட்டவும் முடிகிற நினைவகம் திருடனுக்குத் திறந்துவைத்த கதவு என்பது அவர்கள் வாதம். வலைப்பக்கங்களை ஓட்டும் வெப்கிட்டுக்கு விலக்கு உண்டு. 2022இல் வந்த லாக்டவுன் மோடு என்னும் கூடுதல் பாதுகாப்பு வசதியை இயக்கினால் அந்த விலக்கும் நின்றுவிடும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே குறிமுறை எழுதும் கருவிகள் ஆளுக்கு ஒரு வழி கண்டன. அத்தகைய கருவியான ரியாக்ட் நேட்டிவுக்காக 2019இல் வந்த ஹெர்மிஸ் என்னும் ஓட்டுநிரல், ஜாவாஸ்கிரிப்டை முன்கூட்டியே பைட்கோடாக்கி அனுப்பிவிட்டு, போனில் ஜேஐடியே வேண்டாம் என்று முடிவெடுத்தது.

அத்தகைய இன்னொரு கருவியான ஃபிளட்டர் செய்ததுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. டார்ட் மொழியில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜேஐடி ஓடுகிறது. ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், திரை இருந்த இடத்திலேயே உடனே மாறிவிடும். வெளியிடும்போது அதே குறிமுறை ஏஓடி வழியாக முழு இயந்திர மொழியாகிப் போகிறது. எழுதுகிறவனுக்குக் காத்திருப்பு இல்லை, பயன்படுத்துகிறவருக்கும் இல்லை. சுமை நடுவில் இருக்கும் பெரிய கணினியின் மேல் விழுகிறது. அதுதான் அதற்குரிய இடம் என்று நான் நினைக்கிறேன். எங்களிடம் மின்சாரம் இருக்கிறது, 32 ஜிபி ரேம் இருக்கிறது, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம். ஒரு வேலையை எங்கள் பக்கம் செய்ய முடியும் என்றால், அதை ஐஸ் தண்ணீரில் நிற்கிறவரின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது.

நாங்கள் கோட்லினை விட்டுவிட முடியாது. ஆனால் பேஸ்லைன் புரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது. எவை சூடான பகுதி என்பதைப் போன் நாள்கணக்கில் ஓட்டிக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, நாங்களே ஓட்டிப் பார்த்துப் பட்டியல் எடுத்துச் செயலியோடு சேர்த்து அனுப்பலாம். நிறுவும்போதே அந்தப் பகுதிகள் மட்டும் இயந்திர மொழியாகிவிடும். முதல் முறை திறக்கும்போதிலிருந்தே ஏறத்தாழ 30 சதவீதம் வேகம் கூடும் என்கிறது கூகுள். பிளே ஸ்டோரும் ஆண்ட்ராய்டு 9 முதல் பலருடைய போன்களிலிருந்து புரொஃபைல் சேகரித்து மற்றவர்களுக்குத் தருகிறது. ஆனால் புதிய பதிப்புக்கு அது சேர்ந்து வர நாட்கள் ஆகலாம். வாராவாரம் பதிப்பு வெளியிடுபவர்களுக்கு, பலன் வரும் நேரத்தில் அடுத்த பதிப்பு வந்துவிடும்.

அந்தப் பட்டியல் ஒரு சாதாரண உரைக் கோப்பு. பல வரிகளில் ஒரு செயற்கூற்றின் பெயர், முன்னால் எச், எஸ், பி என்னும் எழுத்துகள்: சூடானது, தொடக்கத்தில் தேவைப்படுவது, தொடங்கியபின் தேவைப்படுவது. அதை உண்டாக்க, பயனர் எப்படிப் போவாரோ அப்படியே செயலியை ஓட்டிக்காட்டும் ஒரு சோதனை நிரல் எழுதவேண்டும். அலுவலகத்தில் முதலில் எழுதியது முகப்பு, சலுகைகள், அமைப்புகள் என்று போயிற்று. நான் அதை நீக்கிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை எழுதினேன். திற. நாம் பாக்கி தரவேண்டியவர் பட்டியலுக்குப் போ. நாலாவது பெயர் வரை தள்ளு. தொடு. மொத்தப் பாக்கியைக் காட்டு. எண் பலகையைத் திற. தொகையை எழுது. சேமி. வேறு ஒன்றும் அத்தை அந்த நேரத்தில் செய்வதில்லை.

வெளியீட்டு நாளை மாற்றுவதற்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. குறிமுறையை மாற்ற யாரும் தடை சொல்லவில்லை, வெள்ளிக்கிழமையை மாற்றச் சொன்னால் நாலு கூட்டம். கடைசியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலை என்று முடிவாயிற்று. வரவேற்புப் படத்தை எடுத்துவிட்டோம். விளம்பர நூலகம் பட்டியல் வந்தபின் எழட்டும் என்று தள்ளிவைத்தோம்.

அதன்பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மறுபடி அத்தையோடு போனேன். போனை எடுத்தார், விரலைத் துடைத்தார், தொட்டார், எண்ணினார். இரண்டு சொல்லி மூன்று சொல்ல வாயெடுத்தபோது பட்டியல் வந்துவிட்டது. பாக்கியைப் பார்த்தார், தலை நிமிர்ந்தார், கானாங்கெளுத்திக் கூறு ஒன்றுக்குக் குரல் கொடுத்து எடுத்துவிட்டார். மீனைக் கூடையில் அள்ளி ஐஸ் போட்டு மூடிய பிறகு, விலையைக் குறிக்க எண் பலகையைத் தொட்டார். திரை அசையவில்லை. மறுபடி தொட்டார். விரல் நுனியில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 5ஐத் தொட்டால் 8 விழுந்தது.

"திறப்பது சரியாகிவிட்டது, கண்ணு" என்றார். "ஈரக் கை பட்டால் ஏன் இப்படிச் செய்கிறது?"

அது கம்பைலர் தீர்க்கும் காரியமில்லை. எண் பலகையில் கட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றன. பெரிதாக்கவேண்டும், தவறாக விழுந்ததைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் வேண்டும். ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றிவிட்டு, காத்திருக்கும்போதே அதைக் குறித்துக்கொண்டேன்.